கோல லங்காட்: கடலோர மாவட்டமும் அதன் ஊராட்சியும்

சிலாங்கூர் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், மலாக்கா நீரிணையை ஒட்டி அமைந்துள்ளது கோல லங்காட் மாவட்டம். 'கோல' என்னும் மலாய்ச் சொல் ஆற்றின் கழிமுகத்தைக் குறிக்கும் என்பதை நம்மில் பலர் அறிவோம். லங்காட் ஆறு கடலிற் கலக்கும் இடத்தைச் சூழ்ந்த நிலமே இம்மாவட்டம். ஏறத்தாழ 858 சதுர கிலோமீட்டர் பரப்பும் ஏழு முக்கிம்களும் கொண்டது. 2020ஆம் ஆண்டின் குடிக்கணக்கின்படி இங்கு வாழ்வோர் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர்.

இந்நிலத்தின் இயல்பை அறிய விரும்புவோர் கேரித் தீவுக்குச் சென்று பார்த்தல் வேண்டும். லங்காட் ஆறு இத்தீவைப் பெருநிலத்திலிருந்து பிரிக்கிறது. கடல் பொங்கும் வேளையில் தீவின் பெரும்பகுதி நீர்மட்டத்துக்குக் கீழேயே இருக்கும். சுற்றிலும் எழுப்பப்பட்ட மண் கரைகளும், கடல் வற்றும்போது திறந்து பொங்கும்போது அடைக்கப்படும் மதகுகளுமே அதனைக் காத்து நிற்கின்றன. எட்வர்ட் வேலண்டைன் கேரி என்னும் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கிய இத்தீவில் முதலில் ரப்பரும் பின்னர் செம்பனையும் பயிரிடப்பட்டன. சேற்றில் இடுப்பளவு நின்று வாய்க்கால் வெட்டியவர்களில் நம் முன்னோர் பெரும்பாலோர். தீவிலுள்ள தமிழ்ப் பள்ளிகள் அவர்கள் வாழ்ந்ததற்குச் சான்றாய் நிற்கின்றன.

ஆயினும் தீவு நம்மவர்க்கு முன்னரே மாமேரி மக்களுக்கு உரியது. பூர்வக்குடியினராகிய இவர்கள் சுங்கை பும்புன் முதலிய கம்போங்குகளில் வாழ்கின்றனர். தம் மூதாதையரின் உருவங்களை மரத்தில் செதுக்கும் கலையில் இவர்களுக்கு நிகரானோர் நம் நாட்டில் மிகச் சிலரே. ஆண்டுதோறும் முன்னோர் விழாவன்று அம்முகமூடிகளை அணிந்து ஆடுவர். இவர்களின் தலைவருக்குப் 'பாத்தின்' என்று பெயர்.

பெருநிலத்தில் கெளானாங், காஞ்சோங் முதலிய பகுதிகளில் வாழும் மலாய் மக்களுள் பலர், ஜாவாவிலிருந்து வந்து காடு திருத்திக் குடியேறியோரின் வழித்தோன்றல்கள். பூப்பந்தாட்டத்தில் உலகப் புகழ் பெற்ற சீடேக் சகோதரர்கள் இம்மண்ணின் மைந்தர்களே. 1992ஆம் ஆண்டில் பார்சிலோனாவில் நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வென்று தந்தவர்கள் அவர்களில் இருவர். தஞ்சோங் செப்பாட்டில் சீன மீனவர்கள் மிகுதி. ஜெஞ்சாரோமோ அவசரகாலத்தில் உருவாக்கப்பட்ட சீனப் புதுக்கிராமம்.

பழைய வரலாறும் உண்டு. 1857 முதல் 1898 வரை ஆண்ட சுல்தான் அப்துல் சமாட் ஜூக்ராவில் வீற்றிருந்தே சிலாங்கூரை ஆண்டார். கோலாலம்பூரின் புகழ்மிக்க கட்டடம் தாங்கி நிற்பது அவருடைய பெயரையே. பிற்காலத்தில் அரச இருக்கை கிள்ளானுக்குச் சென்றது. ஜூக்ரா அமைதியான சிற்றூராகிவிட்டது. இன்று மாவட்டத்தின் பெரிய ஊர் பந்திங். மோரிப் கடற்கரையில், ஜப்பானியர் சரணடைந்த பின், 1945 செப்டம்பர் 9ஆம் நாள் இந்தியப் படையினர் கரையிறங்கினர். அவர்களுடைய வாகனங்கள் கடற்கரைச் சேற்றிற் புதைந்த கதையை அப்பகுதி முதியோர் சொல்லக் கேட்டோர் உண்டு.

இனி ஆட்சி முறைக்கு வருவோம். இம்மாவட்டத்தில் எந்தக் குறைக்கு எந்த அலுவலகம் என்பது குழப்பம் தருவதுதான். அதற்கு நம் அறியாமையை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. மாவட்ட அதிகாரி மாநில அரசின் பேராளர். நில அலுவலகம் அவர் பொறுப்பில் உள்ளது. நிலப்பட்டா, நிலவரி, நிலத்தின் பயன்பாட்டு நிபந்தனை யாவும் அங்கே. கழிவுநீர்க் கால்வாய், குப்பை, சந்தை, உணவுக்கடை, வணிக உரிமம், கட்டட அனுமதி ஆகியன ஊராட்சி மன்றத்தின் பணி. நெடுங்காலம் மாவட்ட மன்றமாக இருந்த இம்மன்றம் 2020இல் நகராண்மைக் கழகமாக உயர்த்தப்பட்டது. கடற்கரைக் கரைகளும் பெரிய மதகுகளும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவைச் சேர்ந்தவை. தோட்டத்துக்குள் இருப்பவை மட்டும் நிர்வாகத்தின் பொறுப்பு. நீர் வந்து வீட்டில் புகும்போது, எந்த வாய்க்கால் யாருடையது என்பதை அறிந்தவருக்கே விரைவில் பதில் கிடைக்கிறது.

மன்ற உறுப்பினர்கள் எவ்வாறு வருகின்றனர்? ஒரு காலத்தில் ஊராட்சித் தேர்தல் நடைபெற்றது. இந்தோனேசியாவுடன் மோதல் நிலவிய 1965ஆம் ஆண்டில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஊராட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் நம் சமூகத்தவரான செனட்டர் ஆதி நாகப்பன் என்பதைக் குறிப்பிடாமல் செல்ல இயலவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரே மன்றங்களில் அமர்தல் வேண்டும் என்று அவ்வாணையம் பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலை நீக்கி, மாநில அரசே 8 முதல் 24 உறுப்பினர் வரை நியமிக்கும் முறையை நிலைநிறுத்தியது. இன்றும் அதுவே நடைமுறை. வாக்களித்து நீக்க முடியாத உறுப்பினரிடம் நாம் எழுத்து மூலம் கேட்பதற்கு மதிப்பு மிகுதி. மன்றத்தின் முழுக்கூட்டம், வேறு தீர்மானம் செய்யப்பட்டாலன்றிப் பொதுமக்களுக்குத் திறந்தது என்று அதே சட்டம் கூறுகிறது. அங்கே சென்று அமர்ந்த தோட்டத் தொழிலாளரை எண்ண ஒரு கை விரல்களே போதும் என அஞ்சுகிறோம்.

தோட்ட எல்லைக்குள் நிலைமை வேறு. தோட்டம் தனியார் நிலம்; ஆதலால் லயத்தின் முன்னுள்ள பாதையும் கால்வாயும் பொதுவாக மன்றத்தின் பொறுப்பில் வருவதில்லை. தொழிலாளர்க்கு வழங்கும் குடியிருப்பு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் குடியிருப்பு வசதிச் சட்டம் வகுத்துள்ளது. நிர்வாகம் தன் கடமையில் தவறினால் தொழிலாளர் இலாகாவை நாட வேண்டும். நகராண்மைக் கழகத்தின் முகப்பில் நின்று வீணே திரும்பியோர் பலர்.

தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமானில் வீடு வாங்கியோர் நிலைமையே நமக்குக் கவலை தருகிறது. தோட்டத்தில் இருந்தவரை மதிப்பீட்டு வரி என்ற சொல்லையே அவர்கள் கேட்டதில்லை. புது வீட்டில் ஆண்டுக்கு இருமுறை மன்றத்திலிருந்து பில் வருகிறது. பிப்ரவரி இறுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் தவணை முடிகிறது. நில அலுவலகத்தில் நிலவரி கட்டிய ரசீது கையில் இருப்பதால் 'கட்டியாயிற்று' என்று கருதி, இந்தப் பில்லை அலமாரியின் மேல் போட்டு வைப்போர் உண்டு. நிலவரி மாநில அரசுக்கு உரியது, மதிப்பீட்டு வரி மன்றத்துக்கு உரியது. இரண்டும் வேறு வேறு. நிலுவை சேர்ந்தால் கோரிக்கை அறிவிப்பு வரும். அதனையும் பொருட்படுத்தாவிடில், வாரண்டு பெற்று வீட்டுச் சாமான்களைக் கைப்பற்றி விற்கவும் சட்டம் இடமளிக்கிறது. வாழ்நாள் உழைப்பில் வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டி ஒரு காகிதத்தைப் படிக்காமையால் போவது கொடுமையன்றோ?

வரி மிகையெனத் தோன்றினால் வழி உண்டு. வீட்டை ஓராண்டுக்கு வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்ற 'ஆண்டு மதிப்பை' ஒட்டி வரி விதிக்கும் முறையில், சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு அம்மதிப்பில் 35 விழுக்காடு. மதிப்பீட்டுப் பட்டியல் புதிதாகத் தயாரிக்கப்படும்போது அறிவிப்பு வரும். பட்டியலைத் திருத்தக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தல் வேண்டும். நாள் கடந்தபின் முறையிட்டுப் பயனில்லை.

எழுதுவதால் என்ன ஆகும் என்று கேட்போருக்கு ஜெஞ்சாரோமில் நடந்ததைச் சொல்வோம். 2018இன் தொடக்கத்தில் சீனா அயல்நாட்டுப் பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை நிறுத்தியது. அக்கழிவில் பெரும்பங்கு நம் நாட்டுத் துறைமுகங்களுக்குத் திரும்பிற்று. ஜெஞ்சாரோம் சுற்றுவட்டாரத்தில் உரிமமில்லாத தொழிற்சாலைகள், சில செம்பனை மரங்களின் மறைவில், முளைத்தன. பயன்படாத பிளாஸ்டிக்கை இரவில் எரித்தனர். வீடுகளில் மூச்சுத் திணறலும் இருமலும் கண்ட ஊரார், நெடி வந்த நேரத்தைக் குறித்தனர். இடங்களைப் படம் பிடித்தனர். ஒவ்வோர் அலுவலகத்துக்கும் மீண்டும் மீண்டும் எழுதினர். மன்றத்துக்கு உரிமம் பற்றிய அதிகாரமும், நில அலுவலகத்துக்கு விவசாய நிலத்தில் ஆலை நடத்தியதைத் தட்டிக்கேட்கும் அதிகாரமும், சுற்றுச்சூழல் இலாகாவுக்குப் புகையைப் பற்றிய அதிகாரமும் இருந்தன. இவை ஒருசேர இயங்கத் தொடங்கிய பின் முப்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டன. தொடங்குவதற்குப் பல மாதங்கள் ஆயின என்பதையும் மறைப்பதற்கில்லை.

மற்றொன்று காட்டைப் பற்றியது. 2020 பிப்ரவரியில், வட கோல லங்காட் வனக் காப்பகத்தின் ஏறத்தாழ 931 ஹெக்டேரைக் காப்பிலிருந்து நீக்கும் திட்டம் நாளிதழ் அறிவிப்பாக வெளிவந்தது. அக்காட்டை நம்பி வாழும் தெமுவான் மக்களும், நகரத்து ஆர்வலரும், மாணவரும் ஆயிரக்கணக்கில் ஆட்சேபக் கடிதம் அனுப்பினர். அவ்வாறிருந்தும் பாதிக்கு மேற்பட்ட பகுதி நீக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி 2021 ஆகஸ்டில் வெளியாயிற்று. எதிர்ப்பு மேலும் வலுத்தது. செப்டம்பரில் மாநில அரசு அம்முடிவை மீட்டுக்கொண்டது. நாளிதழின் ஓரத்தில் சிறிய எழுத்தில் வரும் அறிவிப்பை ஒருவர் படித்திராவிடில், ஆட்சேபம் தெரிவிக்க அளிக்கப்பட்ட நாள்கள் ஓசையின்றிக் கழிந்திருக்கும்.

கடிதம் எழுதத் தயங்குவோர் மன்ற உறுப்பினரிடமோ, மாநில அரசு நியமித்துள்ள இந்திய சமூகத் தலைவரிடமோ உதவி கேட்கலாம். படித்த பிள்ளைகளைக் கொண்டு மலாய் மொழியில் நான்கு வரி எழுதினாலும் போதும். வீட்டு எண், கணக்கு எண், தேதி ஆகியவற்றைக் குறிப்பிடுக. இரண்டு படிகள் எடுத்துச் சென்று ஒன்றை முகப்பில் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைக் கேட்டு வாங்கி வருக.