சிறுகோள் காவலும் கணக்குக் கேட்கும் உரிமையும்

குமாரலிங்கபுரத்துத் தம்பிக்கு,

சூரியனைச் சுற்றிவரும் பாறைத் திரள்களுள், கோள் என்று சொல்லப் போதிய பருமன் இல்லாதவற்றைச் சிறுகோள்கள் என்றும், அவற்றின் துண்டுகள் காற்றுமண்டலத்தில் எரிந்து தீராமல் தரையை வந்தடைந்தால் அவற்றை விண்கற்கள் என்றும் வானியலார் அழைப்பர். பெரும்பாலான சிறுகோள்கள் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலேயே சுற்றிக்கொண்டிருக்க, ஒரு சிறு பகுதி மட்டும் புவியின் பாதைக்கு அருகே வந்துபோகிறது. அந்தச் சிறு பகுதியைத் தேடிக் கண்டறிந்து, அதன் பாதையைக் கணித்து, மோத வருவது எதுவானாலும் உரிய காலத்தில் திசைதிருப்பும் பணிக்குக் கோள் பாதுகாப்பு என்று பெயர். இப்பணி அரசுகளுடையதா, தனியார் நிறுவனங்களுடையதா என்னும் கேள்வி அண்மையில் அமெரிக்காவில் முளைத்தது என்றே பலரும் எண்ணுவர். அதன் பழைய வடிவம் ஒன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் அலுவலரான வில்லியம் பெட்ரி என்பவர் 1786-ஆம் ஆண்டில் சென்னையில் தமக்கென்று ஒரு வானாய்வுக்கூடத்தை ஏற்படுத்தினார். தனிமனிதர் ஒருவரின் ஆர்வமாகத் தொடங்கிய அதனைச் சில ஆண்டுகளிலேயே கம்பெனி ஏற்றுக்கொண்டு, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அதற்கொரு கட்டடத்தையும் எழுப்பியது. மிளகும் துணியும் வாங்க வந்த கம்பெனிக்கு விண்மீன்கள் எதற்கு என்றால், கடலில் கப்பல் நிற்கும் இடத்தையும் கரையோர ஊர்களின் சரியான தீர்க்கரேகையையும் வானத்தைப் பார்த்தே கணக்கிட வேண்டியிருந்த காலம் அது; கணக்குப் பிசகினால் கப்பல் பாறையில் மோதும், சரக்கு மூழ்கும். ஆக, ஒரு வணிக நிறுவனம் வானத்தைக் கவனித்தது உண்மை; தன் வரவுசெலவுக்கு வேண்டிய அளவுக்குக் கவனித்தது என்பதும் உண்மை. (அந்தக் கம்பெனியே வரி தண்டி ஆட்சியும் நடத்தியது என்பதால், அரசு வேறு, தனியார் வேறு என்று அக்காலத்தில் கோடு கிழிப்பது அத்தனை எளிதன்று.) 1858-இல் ஆட்சி கம்பெனியின் கையிலிருந்து பிரிட்டிஷ் முடியரசுக்கு மாறிய பின்னர், 1861 ஏப்ரல் 17 அன்று, அங்கே அரசு வானியலராக இருந்த நார்மன் பாக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அதுவே என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயரிடப்பட்டது. அதனால் எந்தக் கப்பலுக்கும் பயனில்லை, எவருக்கும் வருவாய் இல்லை. 1864-இல் சாப்போ, 1866-இல் சில்வியா, 1885-இல் வேரா என்று அங்கிருந்து மேலும் சில கண்டறியப்பட்டன.

இதைக் கொண்டு அரசுக்கே மாலை சூட்டிவிடவும் முடியாது. 1885-க்குப் பின் இந்தியாவிலிருந்து மற்றொரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. சென்னை வானாய்வுக்கூடத்தின் பணி 1899-இல் கொடைக்கானலுக்கு மாறியபோது, சூரியனை ஆராய்வதே தலையாய வேலையாக ஆகிவிட்டது. பின்னர் ஜவ்வாது மலையின் காவலூரில் வேணு பாப்புவின் முயற்சியால் எழுந்த வானாய்வகத்தில், 'கல்கி' என்று பெயரிட்ட தேடல் திட்டத்தின் கீழ் ஆர். ராஜமோகன் 1988 பிப்ரவரி 17 அன்று ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். 4130 என்ற எண் பெற்ற அதற்குக் கணிதமேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. தொடர்ந்து வேறு சிலவும் அங்கே அகப்பட்டன. ஆயினும் அமெரிக்காவில் பின்னர் வளர்ந்ததைப் போல, இரவு தவறாமல் வானம் முழுவதையும் துழாவும் நிலையான பணியாக அது விரிவடையவில்லை. இலாபம் இல்லாத இடத்துக்கு வணிகர் வருவதில்லை என்பது எவ்வளவு மெய்யோ, கேட்பார் இல்லாத பணியை அரசு தளரவிட்டுவிடும் என்பதும் அவ்வளவு மெய்.

இலாபம் ஏன் இல்லை என்பதை விளங்கிக்கொள்ளப் பொருளியலார் பொதுப்பண்டம் என்று சொல்லும் கருத்தை அறிய வேண்டும். பணம் கொடுக்காதவரை விலக்கி வைக்க முடியாததும், ஒருவர் துய்ப்பதால் மற்றவருக்குக் குறையாததுமான நன்மையே பொதுப்பண்டம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்க் கரை இதற்கு ஓரளவு பொருந்தும். கரை நின்றால், மராமத்துக்கு வராதவன் வயலும் சேர்ந்தே காக்கப்படும். உடைந்தால், வந்தவன் வயலையும் வெள்ளம் விடாது. அதனால்தான் கரையைக் காக்கும் வேலை விற்பனைக்கு விடப்படாமல், வீட்டுக்கு ஓராள் வர வேண்டும் என்ற குடிமராமத்தாக நடந்தது. அந்த வழக்கம் தளர்ந்தபோது, ஆள் வராதவர்களைக் கட்டாயப்படுத்த 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. சிறுகோளுக்கு எதிரான காவல் இன்னும் ஒருபடி மேலே செல்வது. கட்டணம் செலுத்திய நாட்டின் மேல் விழாமலும், செலுத்தாத நாட்டின் மேல் விழும்படியும் அதனைப் பிரித்து விற்கவே முடியாது. மேலும், இக்காவலின் வெற்றி என்பது பல தலைமுறைக்கு எதுவும் நிகழாதிருத்தல். நிகழாத ஒன்றுக்கு யாரிடம் விலைச்சீட்டு நீட்டுவது?

இது வெறும் ஊகமன்று, சோதித்துப் பார்க்கப்பட்டது. விண்வெளி வீரர்கள் எட் லூ, ரஸ்டி ஷ்வைக்கார்ட் முதலியோர் 2002-இல் தொடங்கிய பி612 அறக்கட்டளை, சிறுகோள்களைத் தேடும் 'சென்டினல்' என்னும் விண்வெளித் தொலைநோக்கியை நன்கொடையைக் கொண்டே ஏவப்போவதாக 2012-இல் அறிவித்தது. தேவைப்பட்ட தொகை ஏறத்தாழ 45 கோடி டாலர். அருங்காட்சியகத்துக்கும் மருத்துவமனைக்கும் பெருந்தொகை தரும் செல்வர்கள் இதற்குத் தரவில்லை; 2015-இல் நாசா தன் உடன்பாட்டை முடித்துக்கொண்டது, சிறிது காலத்தில் திட்டமும் கைவிடப்பட்டது. சிறுகோள்களில் சுரங்கம் தோண்டி உலோகமும் நீரும் எடுக்கப்போவதாகக் கிளம்பிய பிளானட்டரி ரிசோர்சஸ் என்ற நிறுவனமோ, ஒரு சிறுகோளையும் எட்டாமலே 2018-இல் வேறு நிறுவனத்துக்குக் கைமாறியது. பி612-க்கு ஒரு நியாயமும் செய்தாக வேண்டும்: தொலைநோக்கி இல்லாமற்போன பின்னும் ஓயாமல், பழைய வானப் படங்களைக் கணினியால் அலசும் முறையை உருவாக்கி, எவர் கண்ணிலும் படாதிருந்த நூற்றுக்கு மேற்பட்ட சிறுகோள்களை 2022-இல் அது வெளிக்கொணர்ந்தது.

அரசின் கணக்கும் தூயதன்று. 140 மீட்டருக்கு மேற்பட்ட புவியருகுச் சிறுகோள்களில் நூற்றுக்குத் தொண்ணூறை 2020-க்குள் கண்டறிய வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2005-இல் சட்டமே இயற்றியது. காலக்கெடு கடந்த பின்னும் பாதி கூடத் தேறவில்லை. அக்குறையைத் தீர்ப்பதற்கான 'நியோ சர்வேயர்' விண்வெளித் தொலைநோக்கிக்கு 2022-இல் நிதி குறைக்கப்பட்டதால், ஏவுதல் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போனது. சூரியன் இருக்கும் திசையிலிருந்து வரும் கற்களைத் தரையிலுள்ள தொலைநோக்கிகளால் காண முடியாது என்பதால் இத்தாமதம் சிறியதாகாது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரின் மேல் வெடித்த, ஏறத்தாழ 20 மீட்டர் குறுக்களவுள்ள கல், அத்திசையிலிருந்து எவருக்கும் தெரியாமலே வந்தது. காயமுற்ற சுமார் 1,500 பேரில் பெரும்பாலோர், அதிர்ச்சி அலையில் நொறுங்கிய சன்னல்களின் கண்ணாடித் துண்டுகளால் காயமுற்றவர்களே.

இவற்றை வைத்துப் பார்க்கும்போது, கருவியை யார் செய்வது என்பது பெரிய வழக்கே அன்று. 2022 செப்டம்பர் 26 அன்று டிமார்ஃபாஸ் என்ற சிறுகோளின் மேல் டார்ட் விண்கலம் வேண்டுமென்றே மோதி, அது தன் தாய்ச் சிறுகோளைச் சுற்ற எடுத்துக்கொண்ட 11 மணி 55 நிமிடத்தில் ஏறத்தாழ 33 நிமிடத்தைக் குறைத்தது. மனிதர் ஒரு விண்பொருளின் பாதையை முதன்முதலாக மாற்றிய அந்நிகழ்ச்சியில், பணம் நாசாவுடையது, விண்கலத்தைக் கட்டியது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகம், ஏவிய ராக்கெட் ஸ்பேஸ்எக்ஸ் என்ற தனியார் நிறுவனத்துடையது. விலைக்கு வாங்கக் கூடியதை வாங்கியதில் தவறு இல்லை. தனியார் ராக்கெட் இருந்ததால் செலவு குறைந்தது என்பதையும் மறுக்க வேண்டியதில்லை.

வழக்கு வேறோரிடத்தில் இருக்கிறது. 2024 டிசம்பர் 27 அன்று சிலியிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி கண்ட 2024 ஒய்ஆர்4 என்னும் சிறுகோள், 2032 டிசம்பர் 22-இல் புவியை மோதும் வாய்ப்பு நூற்றுக்கு 3.1 என்று அடுத்த பிப்ரவரியில் கணிக்கப்பட்டது. மோதக்கூடிய இடங்களை இணைத்து வரையப்படும் நீண்ட கோட்டுக்கு இடர்ப்பாதை என்று பெயர். அவ்வேளையில் அது பசிபிக் பெருங்கடலில் தொடங்கித் தென்னமெரிக்காவின் வடபகுதி, ஆப்பிரிக்கா, அரபிக்கடல் வழியாகத் தெற்காசியா வரை நீண்டிருந்தது. சில நாள்களிலேயே மேலும் கிடைத்த அளவீடுகளால் அந்த ஐயம் நீங்கிவிட்டது. நீங்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே எண்ணத்தக்கது. சிறுகோளை ஒருபுறம் தள்ளும்போது, அது விழவிருந்த புள்ளி அந்த இடர்ப்பாதையின் மேலேயே நகர்ந்து செல்கிறது. தள்ளிய விசை போதாமல் வேலை பாதியில் நின்றுபோனால், முதலில் ஒரு நாட்டின் மேல் இருந்த ஆபத்து மற்றொரு நாட்டின் மேல் வந்து நிற்கும். எந்தப் பக்கம் தள்ளுவது என்ற முடிவு, யார் தலைமேல் ஆபத்தை ஏற்றலாம் என்ற முடிவாகவே ஆகிவிடுகிறது. பங்குதாரர்களுக்கு மட்டும் பதில் சொல்லும் ஓர் இயக்குநர் குழு அம்முடிவை எடுக்கலாகாது. ஒரே ஓர் அரசு தனித்து எடுப்பதும் ஏறக்குறைய அதே அளவு தகாதது. அதனாலேயே ஐக்கிய நாடுகள் அவையின் பரிந்துரைப்படி, எச்சரிக்கைக்கு ஒன்றும் பணித்திட்டத்துக்கு ஒன்றுமாக இரு பன்னாட்டுக் குழுக்கள் அமைக்கப்பட்டன.

சட்டமும் இதே திசையில்தான் கை காட்டுகிறது. 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, தனியார் செய்யும் விண்வெளிச் செயலுக்கும் அவர்களுடைய நாட்டையே பொறுப்பாக்குகிறது. 1972-இன் இழப்பீட்டு உடன்படிக்கை, ஏவப்பட்ட பொருளால் தரையில் நேரும் சேதத்துக்கு, குற்றம் யாருடையது என்று கேளாமலே, ஏவிய நாட்டை ஈடுகட்டச் சொல்கிறது. தமிழ்நாட்டிலும், 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் வெடிப்பு நேர்ந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தபோது, அது விண்கல் என்று அறிவித்து ஒரு லட்சம் ரூபாய் உதவி வழங்கியது மாநில அரசே. படங்களைக் கண்ட நாசா அறிவியலர், அது தரையில் நிகழ்ந்த வெடிப்பைப் போலவே தோன்றுகிறது என்றனர். அறிவியல் எப்படிப் போனாலும், இழந்த குடும்பம் போய் நிற்க ஒரு வாசல் இருந்தது.

இந்தியாவில் இப்போது இஸ்ரோ இத்துறையில் கால் வைத்துள்ளது; 2024 ஜூலையில் கோள் பாதுகாப்புப் பற்றிய பயிலரங்கை பெங்களூருவில் நடத்தியது. முந்நூறு மீட்டருக்கு மேல் பருமனுள்ள அப்போஃபிஸ், தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் தொலைவில், அதாவது தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களை விடவும் நெருங்கி, இந்திய நேரப்படி 2029 ஏப்ரல் 14 அதிகாலையில், சித்திரைப் புத்தாண்டு நாளன்று, மோதாமல் கடந்து செல்லும். அதற்குள் இந்தியத் தனியார் ராக்கெட் நிறுவனங்களும் வளர்ந்திருக்கும், அவர்களிடம் ஏவுதலை ஒப்படைக்கலாமே என்ற பேச்சும் எழும். ஒப்படைக்கலாம். ஆனால் 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, குமாரலிங்கபுரத்திலிருந்து பத்து ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு மனு அனுப்பி, சிறுகோள் தேடலுக்கு இந்த ஆண்டு எவ்வளவு செலவிட்டீர்கள் என்று விண்வெளித் துறையைக் கேட்கலாம். அதே மனுவை ஒரு தனியார் நிறுவனத்துக்கு அனுப்பினால், விடை தர வேண்டிய கடமை அதற்கு இல்லை.

இப்படிக்கு,
அண்ணன்