பிளாக்செயினில் போன பணத்துக்குச் சட்டம் இல்லையா?

கேள்வி: நாங்கள் ஜாசின் வட்டாரத்தில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். என் கணவர் 55 வயதில் எடுத்த இ.பி.எப். பணத்தில் 38,000 வெள்ளியை, டெலிகிராம் குழு ஒன்றில் சொன்ன ‘யுஎஸ்டிடி பிளாக்செயின்’ திட்டத்தில் போட்டோம். கடைசித் தவணையாக 5,000 வெள்ளியை நேற்றுத்தான் அனுப்பினோம். முதல் மாதம் 600 வெள்ளி இலாபம் கைக்கு வந்தது. இப்போது அவர்களுடைய செயலியில் எங்களுக்கு 162,000 வெள்ளி இருப்பதாகக் காட்டுகிறது. எடுக்கப் போனால், முதலில் 9,000 வெள்ளி ‘வரி’ கட்டச் சொல்கிறார்கள். இதே குழுவினர் என் தம்பியிடம் மாதம் 300 வெள்ளி கொடுத்து, அவனுடைய வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். அவனுக்கு வயது 22. போலீசுக்குப் போனால் தம்பி மாட்டிக்கொள்வான் என்று பயமாக இருக்கிறது. “பிளாக்செயினில் போன பணத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது, அதற்குச் சட்டமும் கிடையாது” என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஜாசின்

பதில்: அன்புள்ள சகோதரி, அந்த 9,000 வெள்ளியைக் கட்டாதீர்கள். நேற்று அனுப்பிய 5,000 வெள்ளிக்காக உடனே 997 என்ற தேசிய மோசடி தடுப்பு மையத்தின் எண்ணையும் உங்கள் வங்கியையும் அழையுங்கள். பிறகு அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார் கொடுங்கள். செயலியில் தெரியும் 162,000 வெள்ளி, மோசடிக்காரர்கள் தாங்களே தட்டி வைத்த எண். அதற்குப் பின்னால் பணம் இல்லை. முதலில் கொடுத்த 600 வெள்ளியும், உங்கள் நம்பிக்கையைப் பெறுவதற்காக உங்கள் பணத்திலிருந்தோ இன்னொருவர் பணத்திலிருந்தோ எடுத்துத் தந்ததுதான். ஒருவருடைய பணத்தை விடுவிப்பதற்கு முன்கூட்டியே வரி கட்டச் சொல்லும் நடைமுறை நம் வருமான வரி வாரியத்தில் கிடையாது. இப்போது உங்களைத் தடுத்து நிறுத்துவது தெரிந்தவர்கள் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்கள். கண்டுபிடிக்க முடியாது என்பதும் தவறு, சட்டம் இல்லை என்பதும் தவறு. பிளாக்செயினின் உண்மையான ஆபத்து வேறொன்று. அதைப் புரிந்துகொண்டால், உங்கள் வீட்டில் ஏன் ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது என்பதும் புரியும்.

பிளாக்செயின் என்பது உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் ஒரே நேரத்தில் வைக்கப்படும் கணக்கேடு. பிட்காயின், யுஎஸ்டிடி போன்ற மின்னியல் நாணயம் ஒரு முகவரியிலிருந்து இன்னொரு முகவரிக்குப் போகும்போது, எவ்வளவு, எப்போது, எங்கே போனது என்பது அதில் பதிவாகிவிடுகிறது. கோயில் திருவிழா வரவு செலவை எல்லாரும் பார்க்கும்படி பலகையில் ஒட்டி வைப்பதைப் போல, அந்தக் கணக்கு யாருக்கும் திறந்தே கிடக்கிறது. பெயர் மட்டும் இருக்காது. ஆனால் அந்தக் காசை ரிங்கிட்டாகவோ டாலராகவோ மாற்ற ஒருநாள் ஒரு பரிமாற்றச் சந்தைக்கோ வங்கிக்கோ வந்தாக வேண்டும். அங்கே பெயர் வந்துவிடும். 2016 ஆகஸ்டில் பிட்பினெக்ஸ் என்ற சந்தையிலிருந்து ஏறத்தாழ 120,000 பிட்காயின் திருடப்பட்டது. திருடியவர் அதைப் பல்லாயிரம் துண்டுகளாக்கிப் பல வழிகளில் சுற்றவிட்டார். ஆனாலும் 2022 பிப்ரவரியில் அமெரிக்க அதிகாரிகள் அதே ஏட்டைப் பின்தொடர்ந்து சென்று 94,000க்கும் மேற்பட்ட பிட்காயினைக் கைப்பற்றினார்கள். திருடியவருக்கு 2024 நவம்பரில் 5 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அழிக்க முடியாத கணக்கேடு குற்றவாளிக்கு எதிரான அழிக்க முடியாத சாட்சியும் ஆகிறது.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? திருப்ப முடியாததில் இருக்கிறது. வங்கியில் தவறாக அனுப்பிய பணத்தை, எடுத்துவிடுவதற்கு முன் வங்கியே நிறுத்தி வைக்கலாம். பிட்காயினில் அப்படி ஒரு மேலாளர் இல்லை. கையொப்பமிட்டு அனுப்பிவிட்டால், நீதிபதி ஆணையிட்டாலும் அந்தக் கணினிகள் பின்னால் திரும்பா. அந்த முகவரியைத் திறக்கும் இரகசியச் சாவியை வைத்திருப்பவரைப் பிடித்துத்தான் வாங்க வேண்டும். யுஎஸ்டிடியில் மட்டும் ஒரு சிறு வாய்ப்பு உண்டு. அதை வெளியிடும் டெதர் நிறுவனத்தால், சட்ட அமலாக்கத் துறையினர் கேட்டுக்கொண்டால், ஒரு முகவரியில் இருக்கும் காசை முடக்க முடியும். ஆனால் காசு அந்த முகவரியில் இருக்கும்வரைதான் அது நடக்கும். பலருடைய காசைக் கலந்து தடத்தை மறைக்கும் கலப்புச் சேவைகளில் நுழைந்தோ வேறொரு பிளாக்செயின் சங்கிலிக்குத் தாவியோ போய்விட்டால், பின்தொடர்வது மாதங்களும் ஆண்டுகளும் பிடிக்கிற வேலை. பிட்பினெக்ஸ் வழக்கிலும் பெரும்பகுதி திரும்ப 5 ஆண்டுக்கு மேல் ஆனது. அதற்குப் பின்னால் நின்றது ஒரு வல்லரசின் புலனாய்வுத் துறை. 38,000 வெள்ளியை இழந்த ஒரு குடும்பத்துக்கு அத்தனை ஆள்பலம் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆகவே, குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்பதால் பணமும் கிடைத்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். பணத்தை நிறுத்த முடிவது அது வங்கிக்குள் இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிளாக்செயின் என்று சொல்லப்படும் பல திட்டங்களில் பிளாக்செயினே இருப்பதில்லை. 2014இல் பல்கேரியாவில் தொடங்கிய ஒன்காயின், உலகெங்கும் 400 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அதன் பின்னால் உண்மையான சங்கிலி எதுவும் இயங்கவில்லை என்று அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. அதைத் தொடங்கிய ருஜா இக்னாத்தோவா 2017 அக்டோபரில் தலைமறைவானவர் தலைமறைவானவர்தான். கூட்டாளி கார்ல் கிரீன்வுட்டுக்கு 2023இல் 20 ஆண்டுச் சிறை. மலாக்காவுக்கும் பிளாக்செயின் என்ற சொல் புதிதில்லை. நீரிணையோரம் ‘பிளாக்செயின் நகரம்’ வரப்போகிறது என்ற அறிவிப்பு 2018லேயே செய்தியானது. பெருமையோடு உலவும் ஒரு சொல்லை மோசடிக்காரன் முகமூடியாக அணிவது எளிது. உங்கள் பணமும் முதலில் எந்தச் சங்கிலிக்கும் போகவில்லை; நீங்கள் ரிங்கிட்டில், யாரோ ஒருவருடைய வங்கிக் கணக்குக்குத்தான் அனுப்பினீர்கள். இவ்வகைக் குற்றம் எவ்வளவு நவீனமாகத் தோன்றினாலும், தரையில் கால் வைக்க அதற்கு ஒரு சாதாரண மனிதருடைய பெயர் வேண்டும். கணினிகளை ஓட்டிப் புதிய பிட்காயின் ஈட்டுவதற்காக மின்சாரம் திருடுகிறவர்களும் அப்படித்தான் மற்றவர் பெயரில் வீடும் கடையும் எடுக்கிறார்கள். 2020 முதல் 2025 ஆகஸ்ட் வரை இத்திருட்டால் தெனாகா நேஷனலுக்கு ஏறத்தாழ 460 கோடி ரிங்கிட் இழப்பு என்று எரிசக்தி அமைச்சு தெரிவித்தது. மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ, அதில் திருடப்பட்ட மின்சாரத்துக்கான தொகையை அவரிடமே கேட்க மின்சார விநியோகச் சட்டம் இடம் தருகிறது.

“சட்டமே இல்லை” என்பதற்கு வருகிறேன். மின்னியல் நாணயம் மலேசியாவில் செல்லுபடியாகும் பணம் இல்லை என்பது உண்மை. அதை வைத்துத்தான் சட்டத்துக்கே வெளியே இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் 2019 ஜனவரி 15 முதல், மின்னியல் நாணயங்களும் டோக்கன்களும் மூலதனச் சந்தை, சேவைகள் சட்டத்தின் கீழ் முதலீட்டுப் பத்திரங்களாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. அவற்றுக்குச் சந்தை நடத்துவோர் பத்திர ஆணையத்தின் பதிவு பெற வேண்டும். பெறாமல் நடத்தினால் 10 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரிங்கிட் வரை அபராதம். பைனான்ஸ் போன்ற உலகப் பெரும் பரிமாற்றச் சந்தையின் மீதே 2021 ஜூலையில் ஆணையம் நடவடிக்கை எடுத்தது. நீதிமன்றங்களும் கைகட்டி நிற்கவில்லை. லூனோ என்ற மின்னியல் நாணயச் சந்தை நிறுவனம் தவறுதலாக அனுப்பிய 11.3 பிட்காயினை ஒருவர் திருப்பித் தர மறுத்தபோது, 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி அவர் திருப்பித்தான் ஆக வேண்டும் என்று ஷா ஆலம் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. சிங்கப்பூரில் நீதிபதி பிலிப் ஜெயரத்தினம், யுஎஸ்டிடி ஒரு சொத்து, அதை நம்பிக்கைப் பொறுப்பில் வைக்க முடியும் என்று 2023இல் தீர்ப்பளித்தார். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷும் மின்னியல் நாணயம் சொத்துதான் என்றார். சொத்து என்றால் அதைத் திருடுவதும் ஏமாற்றிப் பறிப்பதும் குற்றம். பறித்தவரைத் தண்டிக்கவும் செய்யலாம். உங்களை ஏமாற்றியவர்கள் மீது தண்டனைச் சட்டத் தொகுப்பின் 420ஆம் பிரிவு நேராகப் பாயும். ஓராண்டு முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படி, அபராதம் ஆகியவை அதற்குரிய தண்டனை.

இப்போது உங்கள் தம்பி. இதில் உங்களுக்கு ஆறுதல் சொல்வதைவிட உண்மையைச் சொல்வதே என் கடமை. வெறும் கார்டைத்தானே கொடுத்தான், பணத்தைத் தொடவில்லையே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் 2024இன் கடைசியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் தண்டனைச் சட்டத் தொகுப்பில் 424ஏ முதல் 424டி வரை புதிய பிரிவுகள் சேர்ந்தன. அதன்பின், முறையான காரணமின்றித் தன் வங்கிக் கணக்கையோ கார்டையோ இன்னொருவர் கையில் கொடுப்பதே ஒரு குற்றம். அதற்கு முன்பு மட்டும் கொடுத்திருந்தால் இந்தப் பிரிவுகள் அவனைத் தொடா. நடந்த செயலுக்குப் பின்னால் வந்த சட்டத்தைக் கொண்டு தண்டிக்கக் கூடாது என்று கூட்டரசு அரசியலமைப்பின் 7ஆம் விதி காக்கிறது. ஆனால் பழைய பிரிவுகள் அப்போதும் இருந்தன. பணச் சலவைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் 15 ஆண்டு வரை சிறை உண்டு. அங்கே ஒருவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதைச் சூழ்நிலையிலிருந்தே நீதிமன்றம் ஊகிக்கலாம். ஒன்றும் செய்யாமல் மாதம் 300 வெள்ளி ஏன் வருகிறது என்று 22 வயதுக்காரனுக்குக் கேட்கத் தோன்றியிருக்க வேண்டாமா என்பதே அரசுத் தரப்பின் முதல் கேள்வியாக இருக்கும்.

“அப்படியென்றால் சும்மா இருப்பதுதானே பாதுகாப்பு?” என்று நீங்கள் கேட்பது புரிகிறது. இல்லை, அதுதான் பெரிய ஆபத்து. அந்தக் கணக்கில் பணம் போட்ட இன்னொருவர் புகார் கொடுத்தால், போலீசாரின் கையில் முதலில் கிடைக்கும் பெயர் உங்கள் தம்பியுடையது. டெலிகிராமில் பேசியவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ, தம்பி ஜாசினில் இருப்பான். நாள் செல்லச் செல்லக் கணக்கில் புழங்கும் தொகை கூடும். கூடக்கூட, தெரியாது என்ற வாதம் பலமிழக்கும். மாறாக, அவன் இன்றே வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்கி, தானாக முன்வந்து புகார் செய்தால், குற்ற எண்ணம் இல்லை என்பதற்கு அது நல்ல சான்று. அரசு வழக்கறிஞர் முடிவெடுக்கும்போதும், நீதிபதி தண்டனையை நிர்ணயிக்கும்போதும் அது எடைபோடப்படும். வழக்கே வராது என்று நான் உறுதி தர முடியாது. ஆகவே புகார் செய்யப் போகுமுன் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். விசாரணையில் தன்னைக் குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமை அவனுக்கு உண்டு. பொய் சொல்லும் உரிமை கிடையாது. கைது செய்தால் வழக்கறிஞரையும் உறவினரையும் தொடர்புகொள்ளலாம். 24 மணி நேரத்துக்குள் அவனை மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக வேண்டும். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால், கைது, தடுப்புக்காவல், ஜாமீன் கட்டங்களில் குடிமக்களுக்கு இலவசமாக வாதாட தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது.

புகாருக்குப் போகும்போது எதையும் அழிக்காதீர்கள். டெலிகிராம் உரையாடல், செயலியின் திரைப்பிடிப்புகள், வங்கி ரசீதுகள், பணம் போன கணக்கு எண்கள், அவர்கள் கொடுத்த முகவரியும் பரிவர்த்தனை அடையாள எண்ணும் இருந்தால் அவை, எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொண்டுபோங்கள். அந்த நீண்ட எண்தான் சங்கிலியில் பணத்தைத் தேடுவதற்கான நுனி. “கமிஷன் கொடுங்கள், பணத்தை மீட்டுத் தருகிறோம்” என்று இனிமேல் யாராவது அழைத்தால், அது ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்து நடக்கும் இரண்டாவது மோசடி; நம்பாதீர்கள்.

இதைப் படிக்கும் மற்ற குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அலோர்காஜாவிலோ, மெர்லிமாவிலோ, தெபோங்கிலோ, எந்தத் திட்டத்திலும் ஒரு வெள்ளி போடுமுன் பத்திர ஆணையத்தின் பதிவுபெற்ற நிறுவனப் பட்டியலையும் எச்சரிக்கைப் பட்டியலையும் பாருங்கள். பணம் அனுப்பச் சொல்லும் கணக்கு எண்ணைப் போலீசாரின் ‘செமாக் மியூல்’ தளத்தில் சோதியுங்கள். பிள்ளைகளின் வங்கிக் கார்டு யார் கையில் இருக்கிறது என்று இன்று இரவே கேளுங்கள். வேறொருவர் கையில் இருந்தால், நாளைக் காலை வங்கி திறந்ததும் போய் முடக்குங்கள்.