இலவச ஊக்கத்தொகையின் மறைவிலை: இணையவழிச் சூதாட்டம் குறித்த ஒரு பாடம்

யாங்கோன் நகரின் தேநீர்க் கடைகளிலும் பேருந்து நிறுத்தங்களிலும் கைப்பேசியை நோக்கி அமர்ந்திருப்போரின் திரையில் ஒரு வகை விளம்பரம் அடிக்கடி தோன்றுகிறது. பெயரைப் பதிந்தவுடன் 10,000 கியாட் இலவசம் என்றோ, ஐம்பது சுழற்சிகள் இலவசம் என்றோ அது அழைக்கிறது. கையிலிருந்து காசு போகாத வரையில் இழப்பில்லை என்றே பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் எங்குத் தவறுகிறது என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இந்நகர மக்களுக்குச் சூதாட்டம் புதிதன்று. தாய்லாந்துப் பங்குச் சந்தைக் குறியீட்டை வைத்து ஆடப்படும் இரண்டிலக்க ஆட்டமும், அந்நாட்டு அரசு லாட்டரி முடிவை வைத்து ஆடப்படும் மூன்றிலக்க ஆட்டமும் பல குடும்பங்களின் வருவாயை விழுங்கியுள்ளன. அவற்றிலேனும் முடிவு வெளியாகும் வரை காத்திருத்தல் வேண்டும். ஸ்லாட் எனப்படும் சுழல் ஆட்டத்தில் அந்த இடைவெளியும் இல்லை. சில நொடிகளுக்கு ஒரு முறை பந்தயம் முடிந்து, அடுத்த பந்தயம் தொடங்கிவிடுகிறது.

1. ஊக்கத்தொகை பணமாகுமா?

ஆட்டக் கணக்கில் காட்டப்படும் இலவசத் தொகை, உடனே எடுத்துச் செலவிடக்கூடிய பணம் அன்று. அதனை இத்தனை மடங்கு பந்தயம் கட்டிய பின்னரே மீதியை எடுக்கலாம் என்னும் நிபந்தனை அதனுடன் பிணைக்கப்பட்டுள்ளது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது தொகை. விதிமுறைப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பது மடங்கு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை விலை தெரியும்.

2. ஒரு சிறு கணக்கு

ஊக்கத்தொகை 10,000 கியாட், நிபந்தனை 40 மடங்கு எனக் கொள்வோம். அப்படியானால் மொத்தம் 4,00,000 கியாட்டுக்குப் பந்தயம் கட்டவேண்டும். பந்தயத் தொகையில் நூற்றுக்கு 96 பங்கு ஆடுவோருக்குத் திரும்பும்படி அவ்வியந்திரம் அமைக்கப்பட்டிருப்பின், மீதி 4 பங்கு நடத்துவோருக்குரியது. 4,00,000 கியாட்டில் அப்பங்கு 16,000 கியாட் ஆகும். கொடுக்கப்பட்டதோ 10,000 மட்டுமே. ஆகவே, சராசரியாகப் பார்த்தால், நிபந்தனை நிறைவேறும் முன்னரே இலவசத் தொகை தீர்ந்துவிடும். அதற்குமேல் ஆட விரும்புவோர் சொந்தப் பணத்தை இடவேண்டியதாகிறது.

காலத்தையும் கணக்கிடலாம். ஒரு சுழற்சிக்கு 200 கியாட் வீதம் 4,00,000 கியாட்டை முடிக்க 2,000 சுழற்சிகள் தேவை. ஒரு சுழற்சிக்கு ஐந்து நொடி எனின், ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் இடைவிடாது ஆடவேண்டும். அத்தனை நேரத்தில் ஆட்டம் பழக்கமாகிவிடுகிறது. நடத்துவோர் உண்மையில் விலை கொடுத்து வாங்குவது அப்பழக்கத்தையே.

3. சிறிய எழுத்தில் இருப்பவை

மடங்கு நிபந்தனையோடு வேறு சிலவும் வழக்கமாக இருக்கும். எத்தனை வென்றாலும் குறிப்பிட்ட தொகைக்குமேல் எடுக்க இயலாது என்னும் உச்சவரம்பு ஒன்று. சில நாள்களில் அனைத்தும் காலாவதியாகும் என்னும் கெடு மற்றொன்று. ஒரு சுழற்சிக்கு இவ்வளவே கட்டலாம் என்பதை ஒருமுறை மீறினாலும் வெற்றித்தொகை முழுவதும் நீக்கப்படலாம். பணம் எடுக்குமுன் சிறு தொகையேனும் செலுத்தவேண்டும் என்பதும் உண்டு.

இவற்றினும் பெரிய விலை, பதிவின்போது கொடுக்கப்படும் தகவல்கள். கைப்பேசி எண், தேசியப் பதிவு அட்டையின் படம், முகப்படம், கைப்பேசிப் பணப்பைக் கணக்கு ஆகியன முகம் தெரியாதோரிடம் சென்றபின் மீளப்பெற இயலாதவை. பிறர் பெயரில் கணக்குத் திறக்கவும், மிரட்டிப் பணம் கேட்கவும் அவை பயன்படக்கூடும்.

4. மனம் சிக்கும் வழி

எப்போது பரிசு வரும் என்று அறிய இயலாதபோது செயலை மேலும் மேலும் செய்யும் இயல்பு உயிர்களுக்கு உண்டு என்பதை அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் சோதனைகளால் காட்டினார். சுழல் ஆட்டம் அவ்வியல்பின்மீதே கட்டப்பட்டது. 200 கியாட் கட்டி 80 கியாட் திரும்பினாலும் இசையும் ஒளியும் எழுகின்றன; இழப்பு, வெற்றியின் உடையணிந்து வருகிறது. திருக்குறளில் சூதுக்கென ஓர் அதிகாரமே உள்ளது. சூதில் பெறும் வெற்றியை, மீன் விழுங்கும் தூண்டில் முள்ளுக்கு வள்ளுவர் ஒப்பிடுகிறார். இன்றைய இலவச ஊக்கத்தொகைக்கு அவ்வுவமை அப்படியே பொருந்தும்.

கட்டுப்படுத்த இயலாத சூதாட்டப் பழக்கத்தை உலகச் சுகாதார நிறுவனம் நோய்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. எனவே அதில் சிக்கியவரை ஒழுக்கமற்றவர் என ஒதுக்குவதால் பயனில்லை.

5. சட்டமும் பின்னணியும்

மியன்மாரில் 1986ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்திற்குப் பதிலாக 2019 மே மாதம் புதிய சட்டம் வந்தது. அதன்படி அனுமதி பெற்ற சூதாட்டக் கூடங்களும் வெளிநாட்டவருக்கே உரியன. 2025 ஜனவரி 1 அன்று இயற்றப்பட்ட இணையப் பாதுகாப்புச் சட்டம், அனுமதியின்றி இணையவழிச் சூதாட்டம் நடத்துவதைத் தண்டனைக்குரியதாக்கியுள்ளது. இதிலுள்ள மறைவான இடர், பணத்தை இழந்தவர் முறையிடத் தயங்குவதே. முறையிட்டால் தாம் ஆடியதும் வெளிப்படும் என்னும் அச்சத்தை மோசடிக்காரர் நன்கு அறிவர்.

இத்தகைய தளங்களின் பின்னணியும் நோக்கத்தக்கது. மியாவதிக்கு அருகிலுள்ள ஷ்வே கொக்கோ போன்ற எல்லைப் பகுதிகள் இணையவழிச் சூதாட்டத்திற்கும் மோசடிக்கும் பெயர்பெற்றவை. மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேர் இணைய மோசடி செய்யுமாறு வற்புறுத்தப்பட்டிருக்கலாம் என ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் தெரிவித்தது. வேலை என நம்பி வந்து சிக்கிய தமிழக இளைஞர்களும் 2022இல் மியாவதியிலிருந்து மீட்கப்பட்டனர்.

தமிழ்நாட்டில் கடனும் தற்கொலைகளும் தொடர்ந்ததால் நீதியரசர் கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. ஆளுநர் திருப்பியனுப்பிய தடை மசோதாவைச் சட்டமன்றம் 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்ற, அது ஏப்ரலில் சட்டமாயிற்று. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை இந்திய நாடாளுமன்றமும் 2025 ஆகஸ்டில் தடை செய்தது. சூதாட்டத்தை அனுமதிக்கும் பிரிட்டன்கூட, ஊக்கத்தொகையின் பந்தய நிபந்தனை 10 மடங்குக்கு மேற்படலாகாது என வரையறுத்துள்ளது.

6. குடும்பத்தினர் செய்யத்தக்கவை

வென்ற தொகையை விடுவிக்க வரியோ கட்டணமோ செலுத்தக் கேட்டால், ஒரு கியாட்டும் அனுப்பலாகாது. அட்டைப் படம் கொடுத்துவிட்டவர் பணப்பையின் கடவுச்சொல்லை உடனே மாற்றி, அந்நிறுவனத்திற்குத் தெரிவிக்கவேண்டும். உரையாடல்களையும் பணம் அனுப்பிய சான்றுகளையும் அழிக்காது வைத்திருத்தல் நன்று.

வீட்டில் ஒருவர் ஆடுவது தெரியவந்தால், முதலில் கடன் முழுவதையும் அச்சமின்றிச் சொல்ல இடமளிக்கவேண்டும். கடனை மட்டும் அடைத்துவிட்டுப் பழக்கத்தைப் பேசாது விட்டால், சில மாதங்களில் அதே கடன் திரும்பும். அவரது இசைவுடன் சம்பளத்தைச் சிறிது காலம் மற்றொருவர் பொறுப்பில் வைக்கலாம். உறக்கமின்மை, உயிரை மாய்க்கும் பேச்சு ஆகியன காணப்பட்டால் காலம் தாழ்த்தாது மருத்துவரை அணுகவேண்டும். இழந்த பணத்தை ஆடி மீட்க முயல்வதே பேரிழப்பின் தொடக்கம் என்பதைப் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்தல் வேண்டும்.

கலந்துரையாட வினாக்கள்

1. ஊக்கத்தொகை 5,000 கியாட், நிபந்தனை 30 மடங்கு எனின், எவ்வளவு பந்தயம் கட்டவேண்டும்? அதில் நடத்துவோரின் 4 விழுக்காடு எவ்வளவு?
2. இலவசம் என்று வரும் அழைப்பில், பணம் தவிர வேறு எவை விலையாகக் கேட்கப்படுகின்றன?
3. வீட்டிலுள்ள ஒருவர் தம் இழப்பை வெளியே சொல்லத் தயங்குவது ஏன்? அத்தயக்கத்தை நீக்கக் குடும்பம் என்ன செய்யலாம்?