கேபிளைச் செருகும் முன் எழுதி வாங்குங்கள்

"தம்பி, இதைச் செஞ்சா வாரண்டி போயிடுமா?"

கிள்ளானில் மேரு சாலையோ காப்பார் சாலையோ, பிக்கப் டியூனிங் செய்யும் பட்டறை எதுவானாலும் வாடிக்கையாளர் கேட்கும் கேள்வி இது. "போகாதுண்ணே. செர்விஸுக்குப் போறதுக்கு முன்னாடி பழைய ஃபைலைத் திரும்ப ஏத்தித் தரேன், யாருக்கும் தெரியாது" என்று பதில் சொல்கிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர் முதலில் கைவிட வேண்டியது இந்தப் பதிலைத்தான். அது உண்மையில்லை. அதை நம்பி ஒருவர் வண்டியை ஒப்படைத்து, ஆறு மாதத்தில் டர்போ போய்விட்டால், அவர் நேராக உங்கள் பட்டறைக்குத்தான் வருவார்.

இப்போது இந்த வேலைக்கு இவ்வளவு கிராக்கி இருப்பதற்கு ஒரு காரணம் டீசல் விலை. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் 80 லிட்டர் டாங்கியை நிரப்ப 172 ரிங்கிட் ஆன இடத்தில் 268 ரிங்கிட் ஆனது. அரசின் புடி மடானி உதவித் திட்டம் வழியாகத் தகுதியுள்ளவர்களுக்கு அப்போது மாதம் 200 ரிங்கிட் கிடைத்தாலும், பந்திங் செம்பனைத் தோட்டத்துக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் தினமும் ஓடுகிற குத்தகையாளருக்கு அது போதவில்லை. "டியூன் செஞ்சா எண்ணெய் மிச்சமாகும்" என்ற பேச்சு அவர் காதில் இனிக்கத்தான் செய்யும்.

அந்தக் கணக்கை அவர் எதிரிலேயே போட்டுக் காட்டுங்கள். மாதம் 1,500 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 150 லிட்டர் ஆகும். டியூனிங்கால் 5 விழுக்காடு மிச்சமானாலும் ஏழரை லிட்டர்தான், லிட்டர் 3.35 ரிங்கிட் என்றாலும் மாதம் 25 ரிங்கிட்டுதான் வருகிறது. அதுவும் கூடுதல் சக்தியைக் கால் தேடிப் போகாத வரைக்கும்தான். ஓட்டுநர் அழுத்தி ஓட்டினால் செலவு கூடும். வாரண்டி இல்லாமல் நான்கு இன்ஜெக்டர்களை மாற்ற நேர்ந்தால் பல ஆண்டு மிச்சம் ஒரே பில்லில் போய்விடும்.

டீசல் டியூனிங்கில் நடப்பது என்ன? இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில் இருக்கும் அட்டவணைகளை மாற்றி எழுதுகிறோம். ரெயில் அழுத்தம், இன்ஜெக்டர் அடிக்கும் டீசலின் அளவு, அடிக்கும் நேரம், டர்போவின் பூஸ்ட், முறுக்குவிசையின் உச்சவரம்பு எல்லாம் அதில் அடங்கும். டியூனிங் பாக்ஸ் என்று விற்கப்படுவது வேறு வகை. அது ரெயில் அழுத்த சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, அழுத்தம் குறைவாக இருப்பதாக ஈசியூவை நம்ப வைக்கிறது. ஈசியூ அழுத்தத்தை ஏற்றுகிறது. எந்த வழியில் போனாலும் டீசல் கூடினால் எக்ஸாஸ்ட் வெப்பம் கூடும். பிஸ்டனும் டர்போவும் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். கூடிய முறுக்குவிசையைக் கிளட்ச்சும் கியர்பாக்ஸும் தாங்க வேண்டும்.

ஹைலக்ஸின் 2.8 லிட்டர் இன்ஜினையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் டொயோட்டா அதை 177 குதிரைத்திறனிலிருந்து 204க்கும், ஆட்டோ கியரில் 450 நியூட்டன் மீட்டரிலிருந்து 500க்கும் உயர்த்தியது. அதற்காகப் பெரிய டர்போ வைத்தார்கள். பிஸ்டனிலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் மாற்றம் செய்தார்கள். வண்டியைச் செய்த நிறுவனமே 27 குதிரைத்திறன் கூட்ட இத்தனை பாகங்களைத் தொட்டிருக்கிறது. பழைய பாகங்களை அப்படியே வைத்துக்கொண்டு ஃபைலை மட்டும் மாற்றி 40 கூட்டித் தருவதாகச் சொல்கிறவர், பாகங்களின் ஆயுளிலிருந்துதான் அதை எடுத்துத் தருகிறார். எனக்கு டியூனிங் மீது வெறுப்பில்லை. அளவோடு, வண்டியின் நிலை அறிந்து செய்தால் அது நல்ல கைவேலை. விலையைச் சொல்லாமல் விற்பதுதான் தவறு.

இனி "யாருக்கும் தெரியாது" என்ற விஷயம். பல வண்டிகளின் ஈசியூ, எத்தனை முறை தன்மீது எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையை வைத்திருக்கிறது. பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினால் அந்த எண்ணிக்கை இன்னும் ஒன்று கூடும், குறையாது. மென்பொருளுக்கென்று ஒரு சரிபார்ப்பு எண்ணும் உண்டு. ஃபைல் மாறினால் அதுவும் மாறும். போக்ஸ்வேகனும் ஆடியும் மாற்றப்பட்ட ஈசியூவை டிடி1 என்ற குறியீட்டால் தங்கள் வாரண்டிப் பதிவில் அடையாளமிட்டு வைப்பது டியூனிங் உலகில் எல்லோருக்கும் தெரியும். பாக்ஸைக் கழற்றிவிட்டால் மென்பொருளில் தடம் இருக்காது. ஆனால் கோளாறு விழுந்த நொடியில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்று ஈசியூ உறையவைத்துப் பதிந்திருக்கும். உருகிய பிஸ்டனும் தன் கதையைச் சொல்லும்.

அதற்காக வாரண்டி முழுவதும் அப்படியே போய்விடும் என்று பயமுறுத்தவும் வேண்டாம். வாரண்டிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, எவையெல்லாம் சேராது என்ற பக்கத்தை வாடிக்கையாளரோடு சேர்ந்து படியுங்கள். மாற்றத்தால் வந்த சேதத்தை ஏற்க மாட்டோம் என்பதுதான் பொதுவாக அங்கே இருக்கும். ஏர்கோன் கம்ப்ரஸர் பழுதுக்கும் ஈசியூ ஃபைலுக்கும் தொடர்பில்லை என்று வாதாட இடமுண்டு. இன்ஜின், டர்போ, இன்ஜெக்டர், கியர்பாக்ஸ் என்றால் அந்த வாதம் கடினம். "டியூனிங்தான் காரணம்னு கம்பெனிதான் நிரூபிக்கணும்" என்று இணையத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. அந்தப் பேச்சு அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மேக்னசன் மோஸ் வாரண்டிச் சட்டத்திலிருந்து வருகிறது. அது கிள்ளானில் செல்லாது.

இங்கே இருப்பது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999. அதன் கீழ் இயங்கும் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, 50,000 ரிங்கிட் வரைக்கும் வழக்குப் பதியலாம். வழக்கறிஞர் யாரும் வந்து பேச முடியாது. சொந்தப் பயன்பாட்டுக்கு பிக்கப் வாங்கியவர் விற்பனையாளர் மீது புகார் கொண்டுபோகும் இடம் அது. உங்கள் மீது புகார் கொண்டுபோகும் இடமும் அதுவேதான். சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. "பொறுப்பேற்க மாட்டோம்" என்று ரசீதில் அச்சடித்து அந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது.

ஆனால் எழுத்தில் இருப்பது உங்களைக் காக்கும். வேலை தொடங்கும் முன் ஒரு தாளில் வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், வாரண்டி எப்போது முடிகிறது, ஈசியூவில் இருந்த மென்பொருள் எண், ஏற்கெனவே இருந்த கோளாறுக் குறியீடுகள், நீங்கள் மாற்றப்போவது என்ன என்பதையெல்லாம் எழுதுங்கள். "இன்ஜின், கியர்பாக்ஸ் வாரண்டி கோரிக்கை மறுக்கப்படலாம் என்று எனக்கு விளக்கப்பட்டது" என்ற வரி வாடிக்கையாளர் படிக்கும் மொழியில் இருக்கட்டும், மலாயோ தமிழோ. கையெழுத்து வாங்கி ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். மூல ஃபைலை வண்டி எண்ணோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். காப்புறுதி நிறுவனத்திடம் மாற்றத்தைத் தெரிவிக்கச் சொல்லுங்கள். மறைத்தால் விபத்து நேரத்தில் இழப்பீட்டில் சிக்கல் வரும். இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிலர் எழுந்து போவார்கள். போகட்டும், அவர்கள்தான் பின்னால் சண்டைக்கு வருகிறவர்கள்.

சில வேலைகளைத் தொடவே கூடாது. நிறுவன வண்டியை ஓட்டுநர் கொண்டுவந்து "தவுக்கேக்குத் தெரியும்" என்றால், அந்த முதலாளியின் கடிதம் இல்லாமல் கேபிளை எடுக்காதீர்கள். வாடகைக் கொள்முதல் கடனில் இருக்கும் வண்டிக்கு, கடைசித் தவணை வரைக்கும் சட்டப்படி வங்கிதான் உரிமையாளர் என்பதையும் நினைவில் வையுங்கள். கரும்புகை கக்குவதைப் பெருமையாகக் கேட்கிறவரையும் திருப்பி அனுப்புங்கள். டீசல் புகைக்கு 1996ஆம் ஆண்டு விதிமுறைகளில் 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு என்று வரம்பு இருக்கிறது. சுற்றுச்சூழல் இலாகா சாலையிலேயே நிறுத்திச் சோதிக்கும். அந்தப் புகையை மூச்சில் இழுப்பது காப்பார் சாலையோரத்துப் பள்ளிப்பிள்ளைகள்தான்.

"வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்று வருகிறவரிடம் ஃபைல் விற்பதற்கு முன் பாருங்கள். அடைத்த ஏர் ஃபில்டர், விரிசல் விட்ட பூஸ்ட் குழாய், அழுக்கேறிய காற்றளவு சென்சார், இஜிஆர் கரி படிந்த இன்டேக், தேய்ந்த இன்ஜெக்டர் என்று காரணம் பல இருக்கலாம். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலை அளந்து பார்க்கத் தெரிந்தவனுக்கு இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமே இருக்காது. வாங்கிய ஃபைலை ஏற்றத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். கோளாறைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

அங்கீகரிக்கப்பட்ட செர்விஸ் சென்டரில் சம்பளத்துக்கு இருந்துகொண்டு, சனி ஞாயிறில் அதே பிராண்ட் வண்டிகளுக்கு டியூனிங் செய்யும் தம்பிகளுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலை பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். திங்கட்கிழமை அதே வண்டி வாரண்டிக்கு வந்து, கணினியில் சோதிப்பவர் நீங்களே என்றால், உண்மையைச் சொன்னாலும் மறைத்தாலும் மாட்டுவீர்கள். நிறுவனத்தின் ஸ்கேனரையும் பாஸ்வேர்டையும் வெளிவேலைக்கு எடுத்தால் வேலை போவதோடு அது நிற்காது. தனியாகத் தொழில் செய்யத்தான் ஆசை என்றால் முறையாக விலகி, வியாபாரத்தைப் பதிந்துகொண்டு தொடங்குங்கள்.

விலகுவதற்கு முன் சான்றிதழையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர்களுக்கும் மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் எட்டாத ஒன்றல்ல. ஷா ஆலாமில் மோன்ட்ஃபோர்ட் பாய்ஸ் டவுன், அட்டெக் போன்ற பயிற்சி இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் பட்டறையில் கைகறுக்க உழைத்தவர் மீண்டும் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. திறன் மேம்பாட்டு இலாகாவின் பிபிடி முறையில் செய்த வேலைகளின் ஆதாரங்களைக் கோப்பாகக் காட்டி எஸ்கேஎம் பெறலாம். நீங்கள் எழுதிவைக்கும் அந்த வேலைத்தாள்கள், ஸ்கேன் அறிக்கைகள், படங்கள் எல்லாம் அந்தக் கோப்பில் சேரும். அதனால் இன்றைக்கு வரும் முதல் வண்டியிலிருந்தே தேதி போட்டு அடுக்கத் தொடங்குங்கள்.