கியர்பாக்ஸை அசைக்காமல் எஞ்சினை இறக்க

1960களின் ஃபோர்ட் மஸ்டாங் கார்கள் பலவற்றில் சி-4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உண்டு. அதை வண்டியிலேயே விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் தூக்கலாம். கவனமெல்லாம் டார்க் கன்வெர்ட்டர் மீது இருக்கட்டும்.

பேட்டரி இணைப்பைக் கழற்றி, கூலன்ட்டை வடித்து, ரேடியேட்டரையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் எடுத்துவிடுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் குழாய்களின் வாயை அடைத்து வையுங்கள். அடிப்பக்கத் தகட்டைக் கழற்றினால், கன்வெர்ட்டரை ஃப்ளெக்ஸ் பிளேட்டோடு பிணைக்கும் நட்டுகள் தெரியும். கிராங்கைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் கன்வெர்ட்டர் எஞ்சினோடு இழுபடும். ஆயில் சீல் கெடும்.

பெல் ஹவுசிங் போல்ட்டுகளைத் தொடும் முன், கியர்பாக்ஸுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் முட்டுக்கொடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். எஞ்சின் விலகியதும் கன்வெர்ட்டரைப் பின்னுக்குத் தள்ளி, முன்னால் நழுவாதபடி ஒரு பட்டையால் தடுத்துவிடுங்கள். தொங்கும் எஞ்சினுக்கு அடியில் யாரும் போகவே கூடாது.

திரும்பப் பொருத்தும்போது எஞ்சினும் பெல் ஹவுசிங்கும் கைத்தள்ளலிலேயே ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் கன்வெர்ட்டர் சரியாக உட்காரவில்லை. போல்ட்டை முறுக்கி இழுத்தால் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் உடைந்துவிடும்.