பனிமலைக்குப் புறப்படும் தம்பிக்கு



குளிர்காலத்தில் இமயமலையிலுள்ள சோப்டாவிலிருந்து புறப்பட்டுத் துங்கநாத் கோயில் வழியாகச் சந்திரசிலா சிகரத்தை அடைந்து, அன்று பொழுது சாய்வதற்குள் கீழே இறங்கிவிட விரும்பும் இளைஞர்கள் என்னென்ன ஆயத்தங்களோடு போக வேண்டும் என்பதைப் பற்றி நீ பத்திரிகையில் எழுதியிருந்த கட்டுரையை நிதானமாகப் படித்தேன். கோஷ்டிகளை மலைக்கு அழைத்துச் செல்வதையே தொழிலாக எடுத்துக்கொண்டிருக்கும் உனக்கு, பூட்ஸ் எப்படி இருக்க வேண்டும், உறைபனியில் வழுக்காமலிருக்க அதன் அடியில் மாட்டும் முள் சங்கிலி எதற்கு, வெண்பனியின் கூச்சத்திலிருந்து கண்ணைக் காக்கக் கறுப்புக் கண்ணாடி எவ்வளவு அவசியம் என்பவற்றையெல்லாம் நான் சொல்லப் புகுவது வீண். என்னை உறுத்தியவை இரண்டே விஷயங்கள். அவற்றைத் தனிக் கடிதமாக எழுதாமல் பகிரங்கமாக எழுதுவதற்குக் காரணம், உன் கட்டுரையை எதிரே வைத்துக்கொண்டு இந்நேரம் மூட்டை கட்டத் தொடங்கியிருப்பவர்கள் பலர் இருப்பார்கள் என்பதுதான்.

முதலாவது, பனியன். ‘காலையில் குளிர் நடுக்கும், ஆகவே உள்ளே இரண்டு பனியன், மேலே முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் ஜெர்க்கின், எல்லாவற்றையும் விடுதியிலேயே அணிந்துகொண்டு புறப்படுங்கள்’ என்று எழுதியிருக்கிறாயே, அந்த வாக்கியத்தைப் படித்தபோது எனக்கு உண்டான வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை. நம் ஊர் வெயிலில் வியர்வையை உறிஞ்சி உடம்பைக் குளிரச் செய்கிற காரணத்தினாலேயே அருமையான உடையாக விளங்கும் பருத்திப் பனியன், அதே குணத்தினால் பனிமலையில் நமக்குப் பகையாகிவிடுகிறது. ஈரம் பட்ட பருத்தி துவண்டு தோலோடு ஒட்டிக்கொள்கிறது. உஷ்ணத்தைப் பிடித்து வைத்திருக்கும் காற்றுக்கு அதனிடையே இடமில்லாமல் போகிறது. காற்று இருந்த இடத்தில் புகுந்த தண்ணீரோ, காற்றைக் காட்டிலும் இருபது மடங்குக்கு மேல் விரைவாக உஷ்ணத்தை வெளியே கடத்திவிடக்கூடியது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சரீரத்திலிருந்து ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைப் பறித்துக்கொண்டு போகிறது. ஆட்டு ரோமத்தின் சுபாவம் வேறு. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைகளுக்குள் வாங்கிக்கொண்ட பிறகும் அது துவளுவதில்லை, தோலுக்கு ஈரமாகத் தெரிவதுமில்லை. ஆகவே தோலை ஒட்டி இருக்க வேண்டியது மெல்லிய கம்பளி. அது கிடைக்காவிட்டால், விளையாட்டுக்காரர்கள் அணியும் பாலியெஸ்டர் சட்டையாவது இருக்கட்டும்.

பனிமலையில் நடப்பவனுக்குக் குளிரைவிட வியர்வையே பெரிய சத்துரு என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். சோப்டாவிலிருந்து சந்திரசிலா ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் அந்த ஐந்து கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டியிருக்கிறது. நீ சொன்னபடி எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு கிளம்புகிற பையன், தேவதாரு மரங்களின் நிழலைத் தாண்டுவதற்குள்ளேயே உள்ளாடை முழுவதும் நனைந்துபோவான். ஏற்றத்தின் சூட்டில் அது அவனுக்குத் தெரியாது. துங்கநாத்துக்கு மேலே, மரமும் மறைப்பும் இல்லாத முகட்டில், கீழே இருந்ததைவிட ஆறேழு டிகிரி குறைந்த வெப்பநிலையும் ஓயாத காற்றும் அவனை எதிர்கொள்ளும் இடத்தில், புகைப்படம் எடுத்துக்கொள்வதற்காக அவன் ஒரு கால் மணி நேரம் நின்றானானால், அந்த ஈரம் தன் வேலையைத் தொடங்கிவிடும்.

இதை எனக்கு முதலில் உணர்த்தியவர் ஊக்கிமட்டுக்கு அருகிலிருந்த ஒரு மலைக் கிராமத்தைச் சேர்ந்த வயோதிக வழிகாட்டி. வீட்டில் நூற்று நெய்த கம்பளிக் கோட்டு ஒன்றைத் தவிர வேறு சாதனம் எதுவும் இல்லாத அவர், புறப்படுவதற்கு முன் எங்களை வரிசையாக நிறுத்தி, ஸ்வெட்டரையும் ஜெர்க்கினையும் கழற்றிப் பைக்குள் வைக்கச் சொல்வார். பல் கிட்டும் குளிரில் அப்படி நிற்பது கொடுமையாகத்தான் இருந்தது. பத்து நிமிஷம் குளிர்ந்தால் போதும், பிறகு மலை உங்களுக்குக் கணப்பு மூட்டும் என்பார். சிகரத்துக்குச் சற்றுக் கீழே, பாறை மறைவு ஒன்றில் மறுபடியும் நிறுத்தி, எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொண்டுவந்த உலர்ந்த உள்சட்டையை மாற்றிக்கொள்ளச் செய்து, கம்பளிகளை எல்லாம் அணிவித்த பிறகே முகட்டின் காற்றுக்குள் போக விடுவார். எங்களோடு வந்த ஒரு நண்பர் அவர் பேச்சைக் கேட்காமல் பனியனோடும் ஸ்வெட்டரோடும் நடந்தார். முகட்டில் அவர் பேசுவதை நிறுத்திவிட்டதை நாங்கள் களைப்பு என்று எண்ணினோம். கிழவரோ, நண்பர் தம் கோட்டுப் பொத்தானைப் போட முடியாமல் விரல்களால் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் எழுந்து ஓடிவந்து, ஈரத்தை எல்லாம் உரித்து எறிந்துவிட்டுத் தம் கோட்டை அவருக்குப் போர்த்தி, வெல்லத்தை வாயில் திணித்து, அரவணைத்துக் கீழே இறக்கினார். சரீரத்தின் உட்புற வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்று வைத்திய நூல்கள் கூறும். அந்தக் கிழவர் நூல் எதையும் படித்தவரல்லர். பேச்சு அடங்குவதையும் விரல் தடுமாறுவதையும் கண்டே அதை அறிந்தார். உன் கட்டுரையில் இந்த லட்சணங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இரண்டாவது, டார்ச் விளக்கு. ‘பகல் நடைதானே, சுமையைக் குறைக்கலாம்’ என்று அதை விலக்கியிருக்கிறாய். அவசரத்துக்குக் கைத்தொலைபேசியின் வெளிச்சம் போதும் என்றும் சொல்கிறாய். கடுங்குளிரில் தொலைபேசியின் பாட்டரி சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும் என்பதை அறியாதவனா நீ? 1924-ஆம் ஆண்டு எவரெஸ்டில் மறைந்துபோன மல்லோரியும் இர்வினும் கடைசியாகத் தங்கிய கூடாரத்தில், ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு சென்றவர்கள் கண்டெடுத்த பொருள்களில் ஒன்று டார்ச் விளக்கு. அவர்கள் மாண்டதற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விளக்கைப் பையிலிருந்து எடுத்து வைக்கும் எவனையும் பார்க்கும்போது அந்தக் கூடாரம் என் நினைவுக்கு வந்துவிடுகிறது.

கணக்கைப் பார். மூன்று மைலுக்கு ஒரு மணி, இரண்டாயிரம் அடி ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி என்று 1892-இல் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வகுத்த விதிப்படி, பனியில்லாத பாதையில் திடகாத்திரமான மனிதனுக்கே சந்திரசிலா ஏற இரண்டே முக்கால் மணி ஆகும். பாதையின் கற்படிகள் பனிக்கடியில் புதைந்து கிடக்கும் ஜனவரியில், புது ஆட்களோடு, இதை இரட்டித்துக்கொள்வதே விவேகம். நீ எழுதியபடி காலைப் பலகாரம் முடித்து எட்டரை மணிக்குப் புறப்பட்டால் சிகரத்தில் இரண்டு மணி. அங்கே ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பகலில் இளகிய பனி மாலையில் மறுபடி உறைந்து கண்ணாடியாகும் பாதையில் இறக்கம் ஏற்றத்தைவிட வேகமாக நடக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆகவே விடியுமுன் விளக்கோடு புறப்படு. பிற்பகல் ஒரு மணிக்கு எந்த இடத்தில் நின்றாலும், சிகரம் கண்ணெதிரே இருந்தாலும், திரும்பிவிடு.

இவ்வளவு கடிந்துகொண்ட பிறகு ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வைத்துக்கொண்டால் உறைவது அடிப்பக்கத்தில்தான், வாய் அடைபடாது என்று எழுதிவிட்டு, அதன் தொடர்ச்சியாக, வளைவு ஒன்றில் வெயில் படாத பனியின் நிறத்தைப் பார்த்தே அது காலைத் தாங்குமா வழுக்குமா என்று அறியும் வகையை விவரித்திருக்கிறாயே, அந்தப் பத்திக்கு ஈடாகத் தமிழில் மலைநடையைப் பற்றி எழுதப்பட்ட எதையும் நான் படித்ததில்லை. பார்வையும் பாஷையும் ஒருங்கே அமைந்த எழுத்து அது. அப்படி எழுதக்கூடியவன் பனியனைப் பற்றி அசிரத்தையாக எழுதியதுதான் என்னால் பொறுக்க முடியாததாகிவிட்டது.

அடுத்த இதழிலேயே இந்த இரண்டுக்கும் திருத்தம் எழுதிவிடு. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்: பனி மூடிச் சாலை அடைபட்டு, சோப்டாவுக்கு முன்னாலுள்ள துகல்பிட்டாவிலிருந்தே நடக்க நேர்ந்தால், சந்திரசிலாவை மறந்துவிட்டுச் சோப்டா வரை போய்த் திரும்புவதே அன்றைய நடை.