பேடு அடையை விட்டு எழும்புகிறதா?

வலிகாமம் வடக்கில் மீளக்குடியேறி, கோழி வளர்க்கத் தொடங்கியிருக்கிறீர்களா? பேடு அடையை விட்டு எழும்பினால், மலவாயைச் சுற்றியும் செட்டைக்குக் கீழும் இறகை விலத்திப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் ஓடுவது பேன். இறகின் அடியில் வெள்ளையாகத் திரண்டிருப்பது அதன் முட்டை.

ஒன்றும் தெரியாவிட்டால் இரவில் ரோச் அடித்துக் கூட்டைப் பாருங்கள். சிற்றுண்ணி பகலில் பலகை வெடிப்பிலும் கிடுகு மடிப்பிலும் ஒளித்திருந்து, இரவில்தான் இரத்தம் குடிக்கும். கொண்டை வெளிறும், குஞ்சுகள் சாகவும் கூடும். கோழியே இல்லாத கூட்டிலும் அது பல மாதம் உயிரோடிருக்கும். ஆகவே இரவல் வாங்கிய கூட்டை அப்படியே பாவிக்காதீர்கள்: வைக்கோலை எரித்து, வெடிப்புகளைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடியுங்கள்.

கோழி புரள மணலும் சாம்பலும் போதும். பேன் மிஞ்சினால் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் மருந்துத்தூள் கேளுங்கள். தூள் பேன்முட்டையைக் கொல்லாது. 10 நாளில் மீண்டும் போடவேண்டும். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து வேண்டவே வேண்டாம். தூள் போட்டபின் எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்றும் கேட்டு வாருங்கள்.